வானமும் வள்ளமும்

மணிமேகலைக் காப்பியத்தை இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக மாணவர்க்குப் பாடஞ் சொல்லி வருகின்றேன். மணிபல்லவத்துத் துயருற்ற காதைக்கு வரும்போதெல்லாம் என் குரலில் ஒரு பெருமிதம் ஏறிவிடுகின்றதென்று பழைய மாணவர் சிலர் கேலி செய்வதுண்டு. அதற்குக் காரணம் உண்டு. நான் நெடுந்தீவிற் பிறந்தவன். புகார் நகரத்து உவவனத்திலிருந்து தெய்வம் மணிமேகலையை ஏந்தி, வான்வழியே முப்பது யோசனை தெற்கே கொண்டுவந்து இறக்கிய மணிபல்லவம் எங்கள் பக்கத்து நயினாதீவே என்று கொள்வார் பலர்; அன்று என்று மறுப்பாரும் உளர். அவ்வழக்கை இங்கே தீர்க்கப் புகவில்லை. நயினாதீவை நோக்கிப் படகிற் போகும் ஒருவன் அஃது அத்தீவே என்று நம்பிக்கொள்வதில் எவர்க்கும் நட்டமில்லை.

மணிபல்லவத்துக்கு வந்தோருள் என் மனத்தில் நிற்போர் இருவர். ஒருத்தி வானால் வந்தவள். வான்வழிச் செல்லும் மந்திரத்தையும் தெய்வம் அவளுக்கு அருளிற்று. எழுந்தாள், புகாருக்கு மீண்டாள். மற்றவன் கலத்தில் வந்த ஆபுத்திரன். எடுக்க எடுக்கக் குறையாத அமுதசுரபி அவன் கையில் இருந்தது. மழைவளம் பெருகிப் பாண்டி நாட்டில் அதனை வாங்கி உண்பாரே இல்லாதொழிந்தனர். சாவக நாட்டிற் பஞ்சம் என்று கேட்டு, உண்பாரைத் தேடிக் கப்பலேறினான். காற்று மாறுபட, கலம் மணிபல்லவத்தில் ஒரு நாள் தங்கிற்று. அவன் இறங்கினான். அவன் ஏறிவிட்டான் என்று எண்ணிக் கலமாக்கள் இரவிற் பாயேற்றிச் சென்றுவிட்டனர். ஆளில்லாத் தீவில் நிறைந்த பாத்திரத்தோடு தனித்து நின்றவன், தன் ஒருவன் உயிரை மட்டும் அதனாற் காத்துக்கொள்ள மனமின்றி, அதனைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு உண்ணாது உயிர் நீத்தான்.

இப்பகுதியை அண்மையில் ஒருநாள் சொல்லி முடித்தபோது, பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்து, “ஐயா, ஆபுத்திரனுக்கும் அந்த வான்வழி மந்திரம் தெரிஞ்சிருந்தால் தப்பியிருப்பான்தானே?” என்றான். வகுப்புச் சிரித்தது. நானுஞ் சிரித்துவிட்டு அடுத்த காதைக்குப் போனேன். ஆயினும் அன்று மாலை குறிகாட்டுவானுக்குப் போகும் பேருந்தில் அக்கேள்வி என் பக்கத்து ஆசனத்தில் அமர்ந்து கூடவே வந்தது. வான்வழி பெருகிக்கொண்டே போகும் இக்காலத்தில், தீவில் நிற்பவனுக்கு அதனால் யாது பயன்? அதனைச் சற்று எண்ணிப் பார்க்கலாம் என்றே இதனை எழுதத் துணிந்தேன்.

கடலே பெருந்தெருவாயிருந்த காலத்தில் நாங்கள் பின்தங்கியவர்கள் அல்லோம், வாயிற்படியில் இருந்தவர்கள். நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலில் முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு ஒன்று உண்டு. 12ஆம் நூற்றாண்டினது. பேராசிரியர் கா. இந்திரபாலா அதனை ஆராய்ந்து 1963ஆம் ஆண்டில் வெளியிட்டார். தமிழ் மாணவர் ஒவ்வொருவரும் ஒருமுறையேனும் படிக்கத்தக்க சாசனம் அது. பிறதேசத்து வணிகர் ஊராத்துறையில், அதாவது இன்றைய ஊர்காவற்றுறையில், வந்து கூட வேண்டும். அவர்களுக்குத் தீங்கு நேராது காக்க வேண்டும் என்று அவ்வரசன் விதிக்கின்றான். யானையும் குதிரையும் ஏற்றிவரும் கலம் உடைந்தால் காற்பங்கு அரச பண்டாரத்துக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு. பிற சரக்கேற்றி வரும் கலம் உடைந்தாற் செம்பாதி. உடைந்த கலத்தையும் வந்த மனிதனையும் பற்றி ஓர் அரசு இத்துணை நுணுக்கமாகச் சிந்தித்துக் கல்லில் வெட்டி வைத்திருக்கின்றது. பயணப் பெட்டி தொலைந்தவன் இக்காலத்து விமான நிலையத்தில் நிரப்பும் படிவங்களை எண்ணும்போது, பராக்கிரமபாகுவின் சட்டம் எனக்குச் சுருக்கமாகவும் தெளிவாகவும் தோன்றுகின்றது.

அதன் பின்னரும் பலகாலம் ஊர்காவற்றுறையில் ஓடாவிமார் பாய்க்கப்பல் கட்டினர். தண்டையல்மார் நாள்மீனும் காற்றும் பார்த்து அக்கரைக்கும் இரங்கூனுக்கும் சென்று அரிசி ஏற்றி வந்தனர். சோளகம், கொண்டல், வாடை, கச்சான் என்று காற்றுக்கு எங்கள் மக்கள் இட்ட பெயர்கள் இலக்கணப் புத்தகத்திலிருந்து எடுத்தவை அல்ல; வயிற்றுப்பாட்டிலிருந்து எழுந்தவை. பின்னர் நீராவிக் கப்பல் வந்தது, புகைவண்டி வந்தது, துறை மெல்ல மெல்லத் தூர்ந்தது. தெரு கடலிலிருந்து நிலத்துக்கு ஏறி, நிலத்திலிருந்து வானத்துக்கு ஏறிவிட்டது. வாயிற்படியாய் இருந்த தீவு கொல்லைப்புறம் ஆயிற்று.

வானத்துத் தெரு எங்களுக்கு மிக அண்மையிலேதான் தொடங்கிற்று. இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானிய வான்படைக்கென அமைந்த பலாலித் தளமே அது. ஏயர் சிலோன் நிறுவனம் 1947 திசெம்பர் 10ஆம் நாள் தன் முதற் பயணத்தை நடத்தியபோது, அதன் டக்கோட்டா விமானம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறைக்கு வந்து, பின்னரே சென்னைக்குப் பறந்தது. இலங்கை சுதந்திரம் பெறுவதற்கு இரண்டு மாதம் முந்திய செய்தி இது. நாட்டின் விமானப் போக்குவரத்து யாழ்ப்பாணத்தை வழியில் வைத்துக்கொண்டே பிறந்தது என்பதை இன்றைய இளைஞர் பலர் அறியார். அந்நிறுவனம் 1978ஆம் ஆண்டில் ஒழிந்தது.

என் தலைமுறையினர்க்கு வானம் வேறு பாடம் கற்பித்தது. நாங்கள் வளர்ந்த காலத்தில் விமானத்தின் ஒலி கேட்டால் அண்ணாந்து பார்ப்பதில்லை. பதுங்குகுழியை நோக்கி ஓடுவோம். பொம்பர், சகடை, ஹெலி என்று ஒலியைக் கொண்டே வகை பிரிக்க ஏழு வயதுக் குழந்தையும் அறிந்திருந்தது. 1990ஆம் ஆண்டிற் பலாலியைச் சூழ்ந்த வலிகாமம் வடக்கு மக்கள் வீடும் செம்மண் தோட்டமும் விட்டுப் பெயர்ந்தனர். அவர்களுட் பலர் முகாம்களிலே பேரப்பிள்ளை கண்டனர். தீவுப் பகுதியிலிருந்தும் 1990, 1991ஆம் ஆண்டுகளில் ஆயிரக்கணக்கானோர் வெளியேறினர். கடலும் எங்களைக் காத்ததென்று சொல்ல முடியாது. 1985 மே 15ஆம் நாள் நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகில் நிகழ்ந்த கொலைகளின்போது எனக்குப் பதினைந்து வயது. 1998 செப்ரெம்பர் 29ஆம் நாள் பலாலியிலிருந்து கொழும்புக்குப் புறப்பட்ட லயன் எயார் விமானம் 55 பேரோடு இரணைதீவுக் கடலில் வீழ்த்தப்பட்டது. படகேறியோரும் திரும்பவில்லை, விமானமேறியோரும் திரும்பவில்லை. இரண்டையும் ஒரே மூச்சிற் சொல்லவேண்டியிருப்பது எங்கள் தலைவிதி.

ஆகவே 2019 ஒக்ரோபர் 17ஆம் நாள் பலாலி ‘யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம்’ எனப் பெயர்பெற்றுத் திறக்கப்பட்டபோது, சென்னையிலிருந்து ஒரு விமானம் குண்டின்றி மனிதரை மட்டும் ஏற்றி வந்து இறங்கியதைக் கண்டு முதியோர் சிலர் கண்கலங்கியதில் வியப்பில்லை. அடுத்த மாதம் வழமையான சேவை தொடங்கிற்று. பெருந்தொற்றினால் 2020 மார்ச்சில் நின்றது. 2022 திசெம்பர் 12ஆம் நாள் மீண்டது. 2024 செப்ரெம்பரில் இண்டிகோ நிறுவனமும் வந்து சேர்ந்தது. மறு ஆண்டில் திருச்சிராப்பள்ளியிலிருந்தும் வழி திறந்தது. சென்னைக்கும் பலாலிக்கும் இடையே ஏறக்குறைய 350 கிலோமீட்டர் தூரம். ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேற்பட்ட பயணம். கட்டுநாயக்காவிலிருந்து தெருவால் யாழ்ப்பாணம் வந்துசேரும் நேரத்தில் ஒருவர் சென்னைக்குப் போய்க் கபாலீசுவரரைத் தரிசித்துவிட்டுத் திரும்பிவிடலாம்.

இது தொடக்கமே. உலகம் முழுவதும் 2019ஆம் ஆண்டில் விமானமேறிய பயணிகள் 450 கோடி என்பது கணக்கு. ஒருவர் பன்முறை ஏறினால் பலராக எண்ணப்படுவர் என்பதை மறவாதிருத்தல் வேண்டும். 2020இல் அது 180 கோடியாகச் சுருங்கிற்று. 2024க்குள் பழைய அளவைத் தாண்டிவிட்டது. இனிவரும் இருபது ஆண்டிற் பயணிகள் ஏறக்குறைய இருமடங்காவர் என்று விமானங் கட்டுவோரும் ஓட்டுவோரும் கணிக்கின்றனர். அண்டை நாட்டில் ஏயர் இந்தியா 2023 பெப்ரவரியில் 470 விமானங்களுக்கும், இண்டிகோ அதே ஆண்டு யூனில் 500 விமானங்களுக்கும் ஒப்பந்தம் அறிவித்தன. வாங்குகின்ற விமானத்தைக் கொட்டகையில் நிறுத்தி வைக்க எவரும் வாங்குவதில்லை. அவற்றுட் சில எங்கள் தலைக்கு மேலாற் செல்லத்தான் போகின்றன.

நன்மையை மறைத்துப் பேசுதல் அறிவுடைமை அன்று. ஊர்காவற்றுறைக் கரம்பொனில் 1913ஆம் ஆண்டிற் பிறந்த ஒரு தீவுப் பிள்ளை, வான்வழியைத் தமிழுக்குத் தொண்டு செய்ய வைத்த கதையை நம்மவர் போதிய அளவு சொல்வதில்லை. தனிநாயகம் அடிகளாரையே குறிக்கின்றேன். 1952ஆம் ஆண்டிற் ‘தமிழ்க் கல்ச்சர்’ என்ற ஆங்கில முத்திங்களிதழைத் தொடங்கினார். கண்டங்கள் தோறும் சென்று, ஐரோப்பிய நூலகங்களிற் கிடந்த பழந்தமிழ் அச்சு நூல்களை உலகறியச் செய்தார். 1964ஆம் ஆண்டில் புதுதில்லியில் அறிஞர்களைக் கூட்டி உலகத் தமிழாராய்ச்சி மன்றம் நிறுவினார். 1966இற் கோலாலம்பூர், 1968இற் சென்னை, 1970இற் பாரிசு, 1974இல் யாழ்ப்பாணம் என்று மாநாடுகள் தொடர்ந்தன. செக்கோசிலோவாக்கியாவின் கமில் சுவெலபில்லும் பிரான்சின் ழான் ஃபிலியோசாவும் ஒரே மண்டபத்தில் இருந்து சங்கப் பாட்டைப் பற்றி வாதிட்ட காட்சி, கப்பற் பயணத்துக்கு மாதக் கணக்கிற் செலவிட்ட காலத்தில் எண்ணவும் இயலாதது. விமானம் இல்லாவிடின் அம்மாநாடுகள் இல்லை என்று நான் துணிந்து சொல்வேன்.

ஆனால் அறிஞர் ஒருவரை மாநாட்டுக்கு ஏற்றிச்சென்ற அதே வான்வழி, எங்கள் தீவுகளை வீடு வீடாக ஏற்றிச் சென்றுவிட்டது. போரே துரத்திற்று என்பது உண்மை. எனினும் வழி இல்லாதிருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்க முடியாது. காணியை ஈடு வைத்தும் தாலிக்கொடியை விற்றும் ஏஜென்சிக்காரருக்குப் பணங் கொடுத்துப் பிள்ளைகளை அனுப்பினோம். என் தம்பி 1992ஆம் ஆண்டிற் பத்தொன்பது வயதிற் போனான். இப்போது புங்குடுதீவிலோ வேலணையிலோ அனலைதீவிலோ தெருவால் நடந்து போகின்றவர், கூரை வீழ்ந்த வீட்டுக்கும் பூட்டிய புதுமாடி வீட்டுக்கும் இடையே மாறி மாறி நடக்கின்றார். இரண்டிலும் ஆள் இல்லை. கோயில்கள் மட்டும் புதுக் கோபுரம் பூண்டு நிற்கின்றன. ரொறன்ரோவிலும் பாரிசிலும் இலண்டனிலும் ஊர்ச் சங்கங்கள் கூடிப் பணம் சேர்க்கின்றன. அன்னதானத்துக்கு உபயகாரர் குறைவில்லை. பந்திக்கு ஆள் தேடவேண்டியிருக்கின்றது. பாத்திரம் நிறைந்திருக்க உண்பாரைத் தேடிய ஆபுத்திரனின் நிலையை விளக்க எனக்கு இப்போது உரையாசிரியர் உதவி வேண்டியதில்லை.

ஆனி மாதத்தில் நயினாதீவுத் திருவிழாவின்போது நிலை மாறும். படகுகள் தாழத் தாழ ஆள் ஏற்றிவரும். தேர்முட்டியடியில் ஒரு முதுபெண் இருபுறமும் இரண்டு பேரப்பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு நிற்கக் கண்டேன். ஒரு மகனுடைய பிள்ளை பிரெஞ்சு மொழி பேசிற்று. மற்ற மகளுடைய பிள்ளை யேர்மன் மொழி பேசிற்று. இரு பிள்ளைகளும் தம்முட் பேசிக்கொள்ள ஆங்கிலத்தைத் துணை கொண்டனர். ஆச்சி மூவரின் மொழிக்கும் பொதுவாகக் கச்சான்கடலை வாங்கிக் கொடுத்துக் காரியத்தை முடித்தார். பத்து நாளிற் கூட்டம் கலையும். விமானச் சீட்டிற் குறித்த திகதி அம்மன் கொடியிறக்கத்துக்குக் காத்திராது.

இனி எங்கள் வீட்டில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்கின்றேன். சொந்தத் துயரைப் பத்திரிகையிற் பரப்புவது என் இயல்பன்று. இப்பொருளுக்கு வேண்டியதாயிருப்பதாற் சொல்கின்றேன்.

2023ஆம் ஆண்டு ஆடி மாதத்து ஒரு திங்கட்கிழமை மாலை, என் தாயார் நெடுந்தீவில் எங்கள் பழைய வீட்டிற் காலமானார். எங்கள் குடிவழக்கிலே தாய்க்குக் கொள்ளி வைப்பவன் இளைய மகன். தம்பி பாரிசில் இருந்தான். முன்னாளில் மறுநாட் பொழுதுக்குள் எல்லாம் முடிந்திருக்கும். இந்நாளிலோ, தமிழர் வீடுகளில் மரணம் நிகழ்ந்தால் முதலிற் பஞ்சாங்கம் பார்ப்பதில்லை. விமான நேரத்தைப் பார்க்கின்றோம். ‘பிள்ளை வரட்டும்’ என்று உடலைக் காக்க வைப்பது வழக்கமாகிவிட்டது. நாங்களும் காத்திருந்தோம். அவன் அன்றிரவே புறப்பட்டான். சென்னைக்கு வந்து, புதன்கிழமை பலாலி விமானத்தில் ஏறிவிட்டான். ஏறக்குறைய எட்டாயிரம் கிலோமீட்டரை இரண்டு நாளுக்குட் கடந்து, நடுப்பகலளவில் யாழ்ப்பாண மண்ணில் இறங்கினான். இறங்கும்போது சாளரத்தின் வழியே தீவுகளைக் கண்டதாகப் பின்னர்ச் சொன்னான். தென்மேற்கே கடைசியிற் கிடந்த நீண்ட கீற்று நெடுந்தீவு என்று தெரிந்ததாம். அம்மா கிடக்கின்ற இடத்தை வானத்திலிருந்து பார்த்துவிட்டான்.

பிற்பகல் குறிகாட்டுவானுக்கு வந்து சேர்ந்தான். செவ்வாய் நடுப்பகலிலிருந்தே சோளகம் கடுமையாக வீசிக்கொண்டிருந்தது. படகு ஓடவில்லை. இதில் எவரையும் குறைகூற இடமில்லை. அந்தக் கடலில் வள்ளத்தை இறக்குபவன் கடலோடி அல்லன், கொலைகாரன். அவன் துறையில் நின்றான். நாங்கள் இக்கரையில் நின்றோம். நடுவே பத்துக் கிலோமீட்டர் நீர். அன்றிரவு அவன் துறைக்கு அருகே தெரிந்த ஒருவர் வீட்டுத் திண்ணையிற் படுத்தான். வியாழக்கிழமையும் காற்று அடங்கவில்லை. மூன்றாம் நாளுக்கு மேல் வைத்திருக்க முடியாதென்று பெரியோர் சொன்னார்கள். நானே கொள்ளி வைத்தேன். தம்பி அதனைக் குறிகாட்டுவான் துறையில் நின்றபடி கைப்பேசிக் கண்ணாடியிற் பார்த்தான். இடையிடையே படம் நின்று நின்று தெரிந்ததாம். வெள்ளி மாலை கடல் இறங்கிற்று. சனி காலை முதற் படகில் வந்தான். சாம்பல் அள்ளும் காரியத்துக்கு மட்டும் அவன் கை கிடைத்தது. வரும்போது அம்மாவுக்கென்று வாங்கிவந்த கம்பளிப் போர்வை ஒன்றை அவன் பெட்டியிலிருந்து எடுக்கவே இல்லை.

அதற்குப் பின்னரே ‘பத்துக் கிலோமீட்டர்’ என்ற தொகை என் கண்ணில் எங்கும் படத் தொடங்கிற்று. உலகின் முதலாவது அதிகாரமுறையான விமானத் தபால் எங்கே பறந்தது தெரியுமா? இந்தியாவில் அலகாபாத்தில், 1911 பெப்ரவரி 18ஆம் நாள். ஆன்றி பெக்கே என்ற பிரெஞ்சு இளைஞர் ஏறக்குறைய 6,500 கடிதங்களை ஏற்றிக்கொண்டு, யமுனைக்கு அக்கரையில் உள்ள ஊரில் இறக்கினார். தூரம் ஏறக்குறைய பத்துக் கிலோமீட்டர். நேரம் 13 நிமிடம். அக்கரை ஊரின் பெயர் நைனி. நயினைக்காரர் ஒருவரிடம் இதனைச் சொன்னபோது, “பேர் எங்கட பேர்தான்; பிளேன்தான் எங்களுக்கு வரேல்லை” என்றார். நூறாண்டுக்கு முன்பே காகிதத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்த அதே பத்துக் கிலோமீட்டரை, இன்று ஒரு மகன் கடக்க முடியவில்லை. விமானம் தூரத்தை ஒழித்தது என்று மேடையிற் பேசுவோர் இதனைக் கருதல் வேண்டும். அது நெடுந்தூரத்தை ஒழித்தது. குறுந்தூரம் இருந்தபடியே இருக்கின்றது. ஒப்புநோக்கும்போது முன்னையிலும் பெரிதாய்விட்டது.

அப்படியாயின் தீவுக்குத் தீவு விமானம் விடலாமே என்று வாசகர் கேட்கலாம். விடுகின்றார்கள். ஸ்கொத்துலாந்துக்கு வடக்கே ஓர்க்கினித் தீவுகளில், வெசுத்திரே என்னும் தீவுக்கும் பப்பா வெசுத்திரே என்னும் தீவுக்கும் இடையே 1967ஆம் ஆண்டு தொடங்கிய விமானச் சேவை உண்டு. தூரம் 2.7 கிலோமீட்டர். இரண்டு நிமிடத்திற் பயணம் முடியும். காற்று வாய்த்தால் ஒரு நிமிடத்துக்குள்ளும் முடிந்ததுண்டு. பப்பா வெசுத்திரேயில் வாழ்வோர் நூறு பேர் அளவினரே. அவ்விமானத்தில் ஆசிரியரும் நோயாளரும் மாணவரும் செல்வர். எட்டுப்பேர் அளவில் ஏறும் அச்சிறு விமானத்தின் ஆங்கிலப் பெயருக்கு நேரான தமிழ் ‘தீவார்’ என்பது. எங்களைச் சிலர் ஏளனமாக அழைக்கும் பெயரை அந்நாட்டார் விமானத்துக்கு இட்டிருக்கின்றனர்! மாலைதீவிலோ நீரில் இறங்கும் விமானங்கள் தும்பி போலத் தீவுக்குத் தீவு தாவுகின்றன. ஆனால் அவற்றில் ஏறுவோர் பெரும்பாலும் உல்லாசப் பயணிகள்.

ஓட்டுநர் இன்றியே பறக்கும் ஊர்தியைப் புறநானூற்றில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளிக்குச் சொல்லியிருக்கின்றார். ஈகையாற் புகழ்பெற்றோர் விண்ணுலகு செல்லும்போது ஏறுவது அது. அவ்வூர்தியை மண்ணுலகிலே காணும் காலம் வந்துவிட்டது. ஈஹாங் என்னும் சீன நிறுவனம் ஆக்கிய, இருவர் அமரும் ஆளோட்டா மின்னூர்திக்கு அந்நாட்டரசு 2023 ஒக்ரோபரில் தகுதிச் சான்று வழங்கிற்று. ஒருநாள் அது குறிகாட்டுவானுக்கும் வரலாம். ஈகையாற் புகழ்பெறாதவரும் சீட்டு வாங்கி ஏறலாம். எனினும் வள்ளத்தைத் தடுத்த சோளகம் அந்த மெல்லிய ஊர்தியை மட்டும் வழிவிட்டு அனுப்புமா என்பது என் ஐயம்.

நெடுந்தீவில் ஓடுபாதை அமைக்கவேண்டும் என்ற பேச்சை உல்லாசப் பயணத்தை விரும்புவோர் வாயிற் கேட்டிருக்கின்றேன். ஐம்பது சதுர கிலோமீட்டர் அளவான தீவு. முருகைக்கல் வேலிகளும், தாமே திரியும் குதிரைகளும், பெருக்குமரமும் பார்க்க வருவோர் விமானத்தில் வந்திறங்கினால் எல்லார்க்கும் வருவாய் என்கின்றனர். ஓர் ஓடுபாதை எவ்வளவு நிலம் உண்ணும் என்பதை வலிகாமம் வடக்கு மக்களிடம் கேட்டுவிட்டு அதனைப் பேசுதல் நன்று. உயிருக்குப் போராடும் நோயாளரை ஏற்றிவர உலங்குவானூர்தி வேண்டும். அதில் இருவேறு கருத்துக்கு இடமில்லை. மற்றப்படி என் விருப்பம் சிறிது. சோளகக் கடலைத் தாங்கும் பெரிய படகு ஒன்று. அலை தடுக்கும் அணையோடு கூடிய இறங்குதுறை இரண்டு. சர்வதேச நிலையத்துக்கு ஒதுக்கும் தொகையில் இது சில்லறைக் காசு. விமானம் என்றால் அமைச்சர் வருவார், நாடா வெட்டுவார். வள்ளத்துறைக்கு மாலை போடுவார் யார்?

வான்வழியின் பயன் கிட்டாதவனுக்கும் அதன் செலவில் ஒரு பங்கு உண்டு. உலகத்தில் மனிதர் வெளியேற்றும் கரியமில வாயுவில் விமானங்களின் பங்கு நூற்றுக்கு இரண்டரை அளவென்பர். சிறிது போலத் தோன்றும். விமானமேறாதவரே மானிடரிற் பெரும்பாலார் என்பதை நினைந்தால் அது சிறிதன்று. புவி வெம்மையாற் பனிமலை உருகியும் கடல்நீர் விரிந்தும் 1901ஆம் ஆண்டுக்கும் 2018ஆம் ஆண்டுக்கும் இடையே உலகக் கடல் மட்டம் ஏறக்குறைய 20 சதமமீட்டர் உயர்ந்திருக்கின்றது. ஒரு சாண் அளவு. ஒரு சாணுக்கு இத்துணை ஆரவாரமா என்று கொழும்பிலே கேட்கலாம். எங்கள் தீவிற் கேட்க முடியாது. எங்கள் கிணற்று நன்னீர் பாறையிற் சுரப்பதன்று. மாரியிற் பெய்த மழை சுண்ணக்கல்லினூடே இறங்கி, கீழே நிற்கும் உவர்நீரின்மேல் எண்ணெய்போல மிதந்து நிற்பது. கடல் ஒரு சாண் ஏறினால் அந்நன்னீர்ப் படை நெருக்குண்டு மெலியும். கோடையில் ஒரு வாளி கூடுதலாக அள்ளினால் உவர் மேலே வரும். இதனை ஆராய்ச்சியாளர் சொல்லுமுன் என் தாயார் சொல்லியிருக்கின்றார். “கிணத்தைக் கலக்காதை, ஆறுதலாய் அள்ளு” என்பது அவர் எங்களுக்கு ஓதிய முதல் மந்திரம்.

தம்பி பறந்து வந்த விமானத்தின் புகையிலும் அக்கிணற்றின் உவர் ஒரு துளி இருக்கின்றது. அதற்காக அவன் வராதிருக்க வேண்டுமென்று எந்தத் தமையன் சொல்வான்? வானூர்தி பெருகப் பெருகப் பயணச் செலவு குறையும், பிள்ளைகள் இன்னும் அடிக்கடி வருவர் என்று மகிழ்வதும் நானே. கிணற்றடியில் நின்று வாளியை மெல்ல இறக்குவதும் நானே. இவ்விரண்டையும் ஒரு தராசில் நிறுத்துப் பார்க்கும் வல்லமை எனக்கில்லை. அலுவலகத்தார் மாநாடு கூடி மூன்று நாட் பேசுவதற்கு ஆயிரம் பேர் பறந்து வருவதையும், தாய் முகம் காண ஒருவன் பறந்து வருவதையும் ஒரே கணக்கில் எழுதலாகாது என்பது மட்டும் தெரிகின்றது.

அந்த மாணவனுக்கு விடை சொல்ல அடுத்த வாரம் முயன்றேன். ஆபுத்திரனுக்கு வான்வழி தெரிந்திருந்தால் அவன் தப்பியிருப்பான், தம்பி. சாவகத்துக்கே போய் அங்கேயே தங்கியுமிருப்பான் என்றேன். “பிறகு தீவிலை ஆர் ஐயா இருப்பினம்?” என்றான். அவனுடைய தமையன் அப்போது கட்டாரில் இருந்தான். அவனுக்கும் கடவுச்சீட்டு எடுத்தாயிற்று.

இவ்வாண்டு அம்மாவின் திவசத்துக்கு வருவதற்குத் தம்பி மூன்று மாதம் முன்னரே தொலைபேசியில் அழைத்தான். சென்னையாலா கொழும்பாலா வருவதென்று இன்னும் தீர்மானிக்கவில்லை என்றான். சீட்டு விலையைப் பற்றியும் பேசவில்லை. எடுத்தவுடன் அவன் கேட்டது, “அண்ணை, அந்த நேரம் கடல் எப்பிடிக் கிடக்கும்?” என்பதே.